கயிற்றில் வைத்த கை

ஓட்டோவின் வெளிச்சம் தாழம்புதரில் போய் முட்டிய இடத்தோடு பாதை முடிந்துவிட்டது. அதற்கப்பால் மணல். மணலுக்கப்பால் ஒன்றும் தெரியவில்லை, கடல் இரைவது மட்டும் கேட்டது.

"இதுக்கு அங்கால கொண்டுபோனா சில்லு புதைஞ்சிரும் மச்சான்," என்றான் ஸியாம், எஞ்சினை நிறுத்தாமலே. "நீ நட. நான் ஊருக்குள்ள போய் சுபஹு தொழுதுட்டு, விடியிற நேரம் வந்து ஏத்துறன்."

டரல் கமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான். மட்டக்களப்பு நகரத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். கலியாணம், பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா என்று மனிதரின் பல்லையே படம் பிடித்துப் பிடித்துச் சலித்தவன். ஆளரவமில்லாத கரையில் சூரியன் எழும்புவதை ஒரு முறையாவது எடுத்துவிட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் பித்து. கல்லடிக் கரையில் எடுத்தால் படத்தில் தேத்தண்ணிக் கடை விழும், வேறெங்கே எடுத்தாலும் ஹோட்டல் விளக்கு விழும். ஏறாவூருக்குக் கிழக்கே இந்தப் பழையவாடிக் கரை ஒன்றில்தான் ஒரு மின்கம்பம்கூடக் கிடையாது. அதற்கும் கேடுகாலம் வந்துவிட்டது. திங்கட்கிழமை டோசர் வந்து மணல்மேட்டை மட்டமாக்கப் போகிறதாம்.

மிச்சமிருந்தது ஞாயிறு ஒன்றுதான். அந்த ஞாயிறு பார்த்துத்தான் அவனுடைய மகள் அன்ட்றியாவுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள்.

"ஏழரைக்குப் பூசை. பிள்ளை வெள்ளை உடுப்போட கோயில் வாசல்ல நிண்டு உங்களத் தேடப்படாது," என்று மனைவி ஜிலியன் முதல்நாளே கறாராகச் சொல்லிவிட்டாள். "வராட்டி அந்தப் படத்தோடயே குடித்தனம் நடத்துங்க." அன்ட்றியா வேறு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எனக்குப் பக்கத்தில டடிதான் இருக்கணும்," என்று சத்தியம் வாங்கியிருந்தாள். பூசைக்கு மணி அடிக்கும் முன்னமே வந்து நிற்பேன் என்று டரல் மார்தட்டினான். மார்தட்டுவதில் அவனுக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

ஓட்டோவைத் திருப்பும்போது ஸியாம் தலையை வெளியே நீட்டினான்.

"நீ பயப்பிடுற ஆளில்ல, எண்டாலும் சொல்றன். இந்தக் கரையில இப்ப ஒருத்தரும் வலை போடுறல்ல. சுனாமி அண்டைக்கு ஒரு கரைவலைக் கூட்டம் இதில கயிறு இழுத்துக்கொண்டு நிண்டதாம். கடல் வத்தி உள்ளுக்குப் போன நேரமும் கயித்த விடல்லையாம். ஒருத்தரும் திரும்பல்ல. என்ர உம்மா இந்தப் பக்கம் விறகு பொறுக்கவும் விடமாட்டா."

"உம்மாக்கிட்டச் சொல்லு, நான் விறகு பொறுக்க வரல்ல எண்டு."

ஸியாம் சிரிக்கவில்லை. "என்னத்தக் கண்டாலும் கிட்டப் போகாத," என்று சொல்லிவிட்டுப் போனான். சிவப்பு விளக்கு தாழைக்குப் பின்னால் மறைந்ததும் இருட்டு வந்து டரலின் முகத்தில் ஒட்டிக்கொண்டது.

மணல் குளிர்ந்து கிடந்தது. மீன்காரர் தங்கியிருந்த பழைய வாடியின் தூண்கள் இரண்டு மட்டும் கரையில் நின்றன. கடற்கரை என்றால் உப்பு மணக்கும், கருவாடு மணக்கும். இங்கே மணத்தது சேறு. மழை விட்ட பிறகு மூடிய கிணற்றைத் திறந்தால் வருமே, அந்த வாடை. அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நடந்து வந்த வியர்வைக்குத் ஸிப் உடைந்த தன் கறுப்பு ஜக்கட்டைக் கழற்றித் தூணொன்றில் போட்டான். ஸ்டான்டை விரித்து, கமராவைப் பூட்டி, கிழக்கே திருப்பினான்.

அடிவானத்தில் சாம்பல் கோடொன்று விழத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்துக்குக் கமராவின் கண்ணை அரை நிமிடம் திறந்துவைக்க வேண்டும். அப்படித் திறந்தால் அலையெல்லாம் கரைந்து பனிமூட்டம்போல் ஆகிவிடும். நடமாடுகிற மனிதர் படத்தில் விழவே மாட்டார்கள், அசையாதது மட்டும்தான் விழும். முதல் படத்தை எடுத்துத் திரையில் பார்த்தான். மணல், தூண்கள் இரண்டு, பால்போல ஒரு கடல். ஈ காக்கை இல்லை. சந்தோசத்தில் அவனுக்குச் சீட்டியடிக்க வந்தது.

தலையை நிமிர்த்தினான்.

கரையில் ஆட்கள் நின்றார்கள்.

கல்லெறி தூரத்தில், வரிசையாக, சாய்ந்து சாய்ந்து கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் இருக்கும். கயிறு கடலுக்குள் போய் இருட்டில் மறைந்தது.

ஓரடி பின்வாங்கினான். பிறகு தன்னையே திட்டிக்கொண்டான். ஆட்கள் அசைகிறார்கள், அதனால்தான் படத்தில் விழவில்லை. தொழில் தெரிந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? ஸியாமின் உம்மா சொன்னது பழங்கதை. யாரோ திரும்பவும் இங்கே வலை போடத் தொடங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். மற்றவனாக இருந்தால் படம் வெறுமையாக இருந்ததைக் கண்டே ஓடியிருப்பான். டரலுக்கு அவனுடைய படிப்பே கண்ணைக் கட்டிவிட்டது.

அதோடு அவனுக்குள் இருந்த பேராசையும் எழும்பி உட்கார்ந்தது. சூரியன் எழும்பும் நேரம், கறுத்த உருவங்களாகக் கயிறு இழுக்கிற வரிசை! கேட்டாலும் கிடைக்காத படம். சொல்லாமல் கொள்ளாமல் எடுப்பது மரியாதையில்லை. அசைகிற ஆட்களும் விழும்படி கண் திறக்கும் நேரத்தைக் குறைத்து, இடைவிட்டு இடைவிட்டுத் தானாகவே படம் எடுக்கும்படி கமராவை முடுக்கிவிட்டு, ஒரு சொல் கேட்டுவிட்டு வருவோம் என்று நடந்தான்.

கிட்டப் போகப் போக ஒன்று உறுத்தியது. கரைவலை இழுப்பது கலியாண வீட்டைவிடச் சத்தமான வேலை. பாட்டு இருக்கும், தூசணம் இருக்கும், பகிடி இருக்கும். இவர்கள் மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. காலடியில் மணல் நெரிகிற சத்தமும் இல்லை.

வரிசையின் கடைசியில் நின்ற மனிதன் அவனைத் திரும்பிப் பார்த்தான். முகம் இருட்டில் தெரியவில்லை. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"ஒரு கை போடுங்க," என்றான். நெடுநாள் பேசாத தொண்டை. "களைச்சுப் போனன்."

டரல் பிறந்து வளர்ந்தது கல்லடிக் கரையில். கயிறு இழுபடும் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க அந்தக் கரையில் பிறந்தவனால் முடியாது. பாடசாலைக்குப் போகிற வழியில் புத்தகப் பையோடேயே கை வைத்திருக்கிறான். யார், எவர், எந்த வேதம் என்று யாரும் கேட்பதில்லை. கை வைத்தவனுக்குப் பங்கில் மீன் உண்டு. சட்டம் ஒன்றே ஒன்றுதான்: வலை ஏறுமட்டும் கையை எடுக்கக் கூடாது. போகத்தான் வேண்டும் என்றால் தன் இடத்துக்கு இன்னொருவனை மாற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

அவன் யோசிக்கவே இல்லை. கை வைத்தான்.

கயிறு பனிக்கட்டியாகக் குளிர்ந்தது.

"கை மாத்தியாச்சு," என்றான் அந்த மனிதன், வரிசைக்குக் கேட்கும்படி. கயிற்றை விட்டான். டரலைத் தாண்டி, வாடித் தூண்கள் நின்ற பக்கமாக நடந்தான்.

மணலில் அவன் நடந்த தடம் விழவில்லை.

டரல் அந்த மணலைக் குனிந்து பார்த்தான். நல்லது, விட்டுவிட்டுப் போய்விடுவோம் என்று நினைத்தான்.

விரல்கள் திறக்கவில்லை.

முழுப் பலத்தையும் சேர்த்துப் பார்த்தான். பெருவிரல்கூட அசையவில்லை. கயிறு ஒரு இழுப்பு இழுபட்டது. எல்லோரோடும் சேர்ந்து அவனும் சாய்ந்து காலை ஊன்றினான். இன்னொரு இழுப்பு. வலை இழுக்கிறவர்கள் பின்னுக்குப் பின்னுக்குக் கரையேற வேண்டும். அவன் திரும்பிப் பார்த்தான். கமரா தூரத்தில் இருந்தது. முன்னைவிடத் தூரத்தில்.

அவர்கள் வலையை இழுக்கவில்லை. கடல் அவர்களை இழுத்தது.

வரிசையின் முன்னால் நின்றவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். அவர்களுக்கும் முன்னால் கழுத்தளவில் இரண்டு தலைகள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒவ்வொரு அடி. டரலின் காலில் அலை நுரை பட்டது. அவனுக்கு முன்னால் நின்றவனின் பிடரி கிட்டத்தில் தெரிந்தது. காதுக்குள்ளிருந்து ஈர மணல் மெல்ல மெல்ல வழிந்துகொண்டிருந்தது.

"அண்ணன்," என்றான் டரல். "அண்ணன், நான் போகணும். என்ர பிள்ளைக்கு இண்டைக்கு நன்மை. என்ன விடுங்க."

இழுப்பு நின்றது.

தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின.

"வலை ஏறல்லயே," என்று முன்னால் நின்றவன் மெதுவாகச் சொன்னான். கோபமே இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னான்.

அந்த முகத்தை டரல் பிறகு யாருக்கும் விவரிக்கவில்லை.

முழங்கால் நனைந்தது. தொடை நனைந்தது. டரல் அழுதான். வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதான். கோயில் வாசலில் வெள்ளை உடுப்போடு நின்று பாதையைப் பார்க்கிற அன்ட்றியா கண்ணுக்குள் வந்து நின்றாள்.

"டரல்! டேய் டரல்!"

ஸியாமின் குரல். பாதை முடிந்த இடத்தில் நின்று கூப்பிட்டும் பதில் வராமல், சில்லு புதைந்தால் புதையட்டும் என்று ஓட்டோவை மணல்மேட்டில் ஏற்றியிருந்தான் அவன். மேட்டிலிருந்து பார்த்தால், தன் கூட்டாளி தன்னந்தனியாக இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி கடலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறான். ஸியாம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான், தண்ணீரில் விழுந்து எழும்பி வந்தான்.

"கையத் தா! என்ர கையப் பிடி!"

அவன் கை நீண்டது. வரிசையில் ஒரு அசைவு. டரலுக்கு முன்னால் நின்றவன் கொஞ்சம் விலகினான். கயிற்றில் ஒரு கை வைக்கும் அளவுக்கு இடம் வந்தது.

ஸியாமின் கை கிட்ட வர வர, டரலின் விரல்கள் ஒவ்வொன்றாக இளகத் தொடங்கின.

அவனுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்காமல் நின்றால் போதும். ஸியாம் வந்து பிடிப்பான், கை மாறும், தான் கோயிலுக்குப் போய்விடலாம். ஒரு மூச்சு நேரம் அவன் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு மூச்சுக்காக அவன் தன்னையே வெறுத்தான்.

"தொடாத!" என்று கத்தினான். "கைய வைக்காத ஸியாம்! கயித்தத் தொடாத!"

"கயிறா? எங்க கயிறு?"

"கையத் தொடாத! வேற எங்கயும் பிடி!"

ஸியாம் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிற ஆளில்லை. பின்னால் வந்து சட்டைக் கொலரையும் இடுப்புப் பட்டியையும் பிடித்து, "யா அல்லாஹ்!" என்று ஒரே இழுப்பாக இழுத்தான். கயிறு டரலின் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. இரண்டு பேரும் அலையில் மல்லாக்க விழுந்தார்கள். அதே நேரம் கிழக்கில் சூரியனின் சிவப்பு விளிம்பு எட்டிப் பார்த்தது.

கடலில் ஒருவரும் இல்லை.

ஆனால் வெளிச்சம் வருகிற கணத்துக்கு முன்னால், காதோடு காதாக, ஒரு குரல் சொன்னதை டரல் கேட்டான்.

"ஒரு கை குறையுது."

கரையில் கிடந்து இரண்டு பேரும் தண்ணீரைக் கக்கினார்கள். டரலின் இரண்டு உள்ளங்கைகளிலும் குறுக்காகக் கயிறு அறுத்த சிவந்த கோடு இருந்தது. ஸியாம் அதைப் பார்த்தான். ஓதிக்கொண்டே கமராவைக் கழற்றி எடுத்து வந்தான்.

தூணில் போட்ட ஜக்கட்டைக் காணவில்லை. காற்றுக்குப் பறந்திருக்கும் என்று ஸியாம் சொன்னான். ஒரு பொட்டுக் காற்றும் இல்லாத காலை அது.

ஓட்டோ மணலில் நன்றாகப் புதைந்துவிட்டது. தாழை மட்டையை வெட்டிப் போட்டு, கையால் மணலைத் தோண்டி, தள்ளித் தள்ளி மேலே எடுப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. டரலின் போன் கடல்தண்ணீரில் செத்துப் போயிருந்தது. ஸியாமின் போனில் ஜிலியனுக்கு எடுத்தால் மணி போய்க்கொண்டே இருந்தது, அவள் தூக்கவில்லை. கோயிலுக்குள் இருப்பாள்.

பிரதான வீதிக்கு ஏறிய பிறகுதான் டரல் துணிந்து கமராத் திரையைப் பார்த்தான். கமரா அதுபாட்டுக்குப் படங்களை எடுத்துத் தள்ளியிருந்தது. எல்லாவற்றிலும் அவன் ஒருவன்தான், இல்லாத கயிற்றைப் பிடித்துச் சாய்ந்தபடி, படத்துக்குப் படம் கடலுக்குக் கிட்டவாக. நடுவில் ஒரு படம் மட்டும் முழுக்கக் கறுப்பு. உற்றுப் பார்த்தான். கறுப்புத் துணி. கமராவுக்கு முன்னால் யாரோ கடந்து போயிருக்கிறார்கள். ஓரத்தில் அவனுடைய ஜக்கட்டின் உடைந்த ஸிப் தெளிவாக விழுந்திருந்தது.

"கெதியா விடு ஸியாம்," என்றான். "கெதியா விடு."

கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது பூசை முடிந்து, வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் மெழுகுதிரியோடு வாசலில் படத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். டரல் ஈர உடுப்போடு, மணல் ஒட்டிய காலோடு, சனத்தை விலக்கிக்கொண்டு ஓடினான். ஜிலியன் அவனைத் தின்றுவிடுவதுபோல் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தான்.

ஜிலியன் முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் அது வேறு கோபம்.

"பிறகு எங்க போன நீங்க? பூசை முடியக்குள்ள எழும்பிப் போனா ஆக்கள் என்ன நினைப்பாங்க? அதுவும் சொட்டச் சொட்ட நனைஞ்ச ஜக்கட்டோட வந்து பிள்ளைக்குப் பக்கத்தில இருந்தது போதாதா?" மூக்கைச் சுளித்தாள். "சேறு மணக்குது உங்களில. நீங்க இருந்த வாங்கில தண்ணி வடிஞ்சு கிடக்கு. நான் என்ன கேட்டும் ஒரு வார்த்தை பேசல்ல, என்ர பக்கம் கிறுகியும் பார்க்கல்ல. பிள்ளையோட மட்டும் குசுகுசு."

"ஜிலியன்," என்றான் டரல். "நான் இப்பதான் வாறன்."

ஜிலியன் அவனுடைய மேலைப் பார்த்தாள். ஜக்கட் இல்லை. பின்னால் நின்ற ஸியாமின் முகத்தைப் பார்த்தாள். அவள் கை தானாகவே சிலுவை போட்டது.

அன்ட்றியா மெழுகுதிரியோடு ஓடிவந்தாள். ஒரு துளி பயமும் இல்லாத முகம், தலையில் வெள்ளை நெற் முக்காடு, கையில் வெள்ளைக் கையுறை. தகப்பன் சத்தியத்தைக் காப்பாற்றிய மகிழ்ச்சி.

"டடி, நீங்க பக்கத்தில இருந்ததுக்கு தேங்ஸ்." பிறகு ரகசியமாக, அவன் காதுக்கு எட்டி, "நான் மம்மிக்குச் சொல்லல்ல."

"என்னத்த மனே?"

"நாளைக்கு விடிய என்னயும் கடலுக்குக் கூட்டிப் போறன் எண்டீங்கல்லே. ஒரு கை குறையுதாம் எண்டு." அவள் சிரித்தாள். "நான் ஓம் எண்டுதானே சொன்னன்."

டரல் அவளைத் தன் பக்கம் இழுத்து, இறுக்கிக் கையைப் பிடித்தான். கையுறை ஈரமாக இருந்தது. உள்ளங்கைப் பக்கம் குறுக்காக, கயிறு பட்ட கபில நிறக் கோடு.

"இல்ல மனே. நாம ஒரு இடமும் போறல்ல. நீ மம்மிக்கிட்டப் போ."

"சரி, கைய விடுங்க டடி."

அவன் விடப் பார்த்தான்.

"டடி, நோகுது."

ஜிலியன் வந்து அவன் விரலைப் பிரித்துப் பார்த்தாள். ஸியாம் வந்து பிரித்துப் பார்த்தான். ஒரு விரல்கூடத் திறக்கவில்லை.

கோயில் வாசலில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, டரலின் கால் கிழக்கே, கடல் பக்கமாக, ஓர் அடி வைத்தது.